குடை, வாழைப்பழம், மணி, கயிறு, நாற்காலி

2004ஆம் ஆண்டு மார்ச் 16, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பின்கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும் வெப்பமானி பதினொரு பாகை காட்டியது, குறித்துக்கொண்டேன். தண்ணீர் கொதிக்க வைத்துப் பாதியைப் பிளாஸ்கில் ஊற்றினேன், பாதியில் தேநீர் போட்டேன். முதல்நாள் மிஞ்சிய பாண் துண்டுகளை வாட்டிச் சம்பலுடன் சாப்பிட்டேன். ஏழு பத்துக்குப் பாடசாலை. ஒன்பதாம் ஆண்டுக்கு இரண்டு கணித பாடவேளை, பதினோராம் ஆண்டுக்கு ஒன்று. ஒன்றரைக்கு மணி அடித்தது. ஒன்று ஐம்பதுக்கு நுவரெலியா பஜாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி அறையைத் திறந்தேன்.

எனது நாட்குறிப்பில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம்தான். அன்றைய பக்கம் மட்டும் போதாமல் ஓரங்களிலும், பிறகு கொப்பியின் கடைசித் தாள்களிலும் எழுதியிருக்கிறேன்.

அந்த அறையைத் துணிக்கடை முதலாளி எங்களுக்குத் தந்திருந்தார். எங்களுக்கு என்றால், பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் கற்பித்த ஒரு விரிவுரையாளருக்கும் எனக்கும். அவர் என்னைப்போல யாழ்ப்பாணத்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். முதுமையில் மனிதரின் அறிவாற்றல் எப்படி மாறுகிறது, எது முதலில் தளர்கிறது, ஒன்றின் தளர்ச்சி மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகிறதா என்பதை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஐந்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, தெரிந்தெடுத்து, அங்கே அறுபது வயதைக் கடந்தவர்களை வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. 1991இல் இடமாற்றத்தில் இங்கே வந்து பத்து வருடமாகக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த என்னை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டு தை மாதத்தில் தொடங்கினேன்.

கேள்விகள் எளியவை. இன்று என்ன கிழமை, என்ன மாதம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். இந்தப் படத்தைப் பார்த்துக் கீறுங்கள். சமையல், குளியல், கடைக்குப் போய்வருவதெல்லாம் நீங்களே செய்கிறீர்களா. இடையில் ஒன்று: நான் ஐந்து சொற்கள் சொல்வேன், கேட்டு வைத்திருந்து, சற்று நேரம் கழித்து நான் கேட்கும்போது திரும்பச் சொல்ல வேண்டும். குடை, வாழைப்பழம், மணி, கயிறு, நாற்காலி.

விரிவுரையாளர் என்னிடம் இரண்டு சொற்பட்டியல்கள் தந்திருந்தார். ஒரு வருடம் ஒன்று, மறுவருடம் மற்றது என்று மாற்றிக் கேட்கச் சொன்னார். நான்தான் மறுத்தேன். இரண்டாவது பட்டியலில் இருந்த ஒரு சொல் தோட்டத்தில் புழக்கத்தில் இல்லாதது. ஒரு வருடம் இலகுவான பட்டியலும் மறுவருடம் கடினமானதும் கேட்டுவிட்டு இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? அளவுகோலை மாற்றிவிட்டு நீளம் குறைந்துவிட்டது என்று சொல்லலாமா என்று கேட்டேன். கணித ஆசிரியை கேட்ட கேள்வி அவருக்கு நியாயமாகப் பட்டது. அதனால் நான்கு வருடமும் அதே ஐந்து சொற்கள், அதே வரிசையில், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மனத்துக்குள் ஒன்று எண்ணும் அதே இடைவெளியுடன். போகும் நாளையும் நான் மாற்றவில்லை. கடைசி லயத்துக்குப் பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு, ஒவ்வொரு வருடமும், காலை ஒன்பதுக்கு.

அந்தக் கடைசி லயத்தின் கோடி அறையில், கோடிக் காம்பரா என்பார்கள், ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய் நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, பேச்சுக் குறைந்த பெண். மகளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. தேயிலை மலையில் வேலை செய்தாள். முதல் வருடம் தாய் ஐந்தில் மூன்று சொன்னார். இரண்டாம் வருடம் நான்கு. மூன்றாம் வருடம் ஐந்தும். எனக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது. பரீட்சையில் முன்னேறும் பிள்ளையைப் பார்க்கிற அதே மகிழ்ச்சி என்று இப்போது தெரிகிறது.

மூன்றாம் வருடம் என்பது 2003. அன்றைக்குக் கேள்விகள் முடிந்து நான் தாள்களை அடுக்கும்போது மகள் வாசலுக்கு வெளியே வந்து நின்றாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சியில் பெயர் கொடுத்திருப்பதாகவும், இரண்டு வருட ஒப்பந்தம் என்றும் சொன்னாள். அம்மா அண்மையில் கறிக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறாராம். ஒருநாள் அடுப்பில் விறகை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்திருந்தாராம்.

"நீங்க படிச்சவங்க டீச்சர், சொல்லுங்க. ரெண்டு வருசம் அம்மா தனியா இருந்துக்குவாங்களா? ஒங்க வாயால ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் போயிட்டு வந்துருவேன். இல்லேன்னா இப்பிடியே கெடந்துட்டுப் போறேன்."

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். கிழமையில் பிழை, கழித்தலில் இரண்டு பிழை. ஆனால் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குக் கழித்தல் வராது என்பது எனக்குத் தெரியும்; வேலையை விட்டவர்களுக்குக் கிழமை எதற்கு? ஞாபகம்தான் முக்கியம் என்று நினைத்தேன். அதில் ஐந்துக்கு ஐந்து, அதுவும் மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறி வந்திருக்கிறது.

"உங்கட அம்மாவுக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. உப்பு எல்லாருக்கும் ஒருநாள் கூடும். நீங்கள் பயப்பிடாமல் போயிற்று வாங்கோ" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். சித்திரை வருடப்பிறப்பு கழிந்து புறப்பட்டுப் போனாள்.

அன்று இரவு நாட்குறிப்பில் நான் எழுதியது இது: "கோடிக் காம்பரா அம்மா நான் குடையை மடிப்பதற்கு முன்பே ஐந்து சொற்களையும் சொல்லிவிட்டார். சிரித்துவிட்டேன். பிறகு முறைப்படி கேட்டபோதும் சரியாகச் சொன்னார். ஐந்து." இதை நாட்குறிப்பில் எழுதினேனே தவிர, ஆய்வுத் தாளில் எழுதவில்லை. தாளில் அதற்கு இடம் இல்லை. கேட்டபின் சொன்னதற்குத்தான் கட்டம் இருந்தது; கேட்குமுன் சொன்னதற்கு இல்லை.

2004 தை மாதத்திலும் அந்தக் காம்பராவுக்குப் போனேன். தாய் தனியாக இருந்தார். பக்கத்துக் காம்பராப் பெண் கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரும் ஓய்வு பெற்றவர்தான், எங்கள் பட்டியலிலும் இருந்தார். லயம் முழுவதற்கும் கேட்கும் குரல் அவருக்கு. ஒவ்வொரு வருடமும் என்னைச் சீண்டுவார். "நூறுல ஏழு போனா எத்தனைன்னு நாப்பது வருசமா மலையில வேல வாங்குன கண்டாக்கையாவே எங்கள கேட்டதில்ல, நீங்க மட்டும் வந்து கேளுங்க" என்பார். அன்றும் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

தாயிடமிருந்து சொற்கள் ஐந்தும் வந்தன. மற்ற எல்லாம் பிழை. கழித்தலில் நூறுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மகள் கடிதம் போட்டாளா என்று கேட்டேன். "மலைக்குப் போயிருக்கா. அந்திக்கு வந்துருவா" என்றார். மகள் போய் ஒன்பது மாதம். வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பியதை அந்நியரிடம் சொல்ல விரும்பாமல் மறைக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. அதையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். இரண்டு தட்டுகளைப் பார்க்க முடிந்த எனக்கு அதற்குமேல் எதையும் பார்க்க முடியவில்லை.

இனி மார்ச் 16க்கு வருகிறேன்.

விரிவுரையாளர் இரண்டு மணிக்குக் கண்டி பஸ்ஸில் வந்து இறங்கினார். பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் என் மை போத்தல், ஸ்டாப்ளர், இரண்டு கொப்பிகள் வைத்தார். நான்கு வருட விடைகளையும் கணினியில் இட்டு அவர் எடுத்த வரைபடம் அது. நான் பாடசாலையில் கீறும் வரைபடம்போல அச்சுகள் இல்லை. வட்டங்கள் மட்டும், அவற்றுக்கிடையே கோடுகள். வயது ஒரு வட்டம். படித்த வருடங்கள் ஒரு வட்டம். கிழமை மாதம் அறிதல், கழித்தல், படம் கீறுதல், அன்றாட வேலை, சொல் ஞாபகம், வசிக்கும் லயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம்.

கோட்டுக்கு அர்த்தத்தை அவர் பொறுமையாகச் சொன்னார். மற்ற வட்டங்கள் எல்லாவற்றையும் அறிந்த பிறகும், இந்த வட்டத்தை அறிந்தால் அந்த வட்டத்தைப் பற்றி இன்னும் ஏதாவது தெரியவருமானால் இரண்டுக்கும் நடுவே கோடு உண்டு. புதிதாக எதுவும் தெரியாது என்றால் கோடு இல்லை. ஒருவருடைய வயதும் அவர் கழித்தலில் செய்யும் பிழையும் சேர்ந்து போவதுபோலத் தோன்றலாம்; ஆனால் அவர் படித்த வருடங்களைத் தெரிந்துகொண்டால் வயதுக்கு அதில் சொல்ல ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். அப்போது கோடு மறைந்துவிடும். எங்கே கோடு இல்லை என்பதுதான் இந்த முறையில் அதிகம் சொல்லும் என்றார்.

முதலாம் வருடப் படத்தில் சொல் ஞாபகத்திலிருந்து வயதுக்குக் கோடு இருந்தது, கிழமைக்கும் இருந்தது. நாங்கள் எதிர்பார்த்தது அதுதான். நான்காம் வருடப் படத்தில் வயது, கிழமை, கழித்தல், அன்றாட வேலை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அவை சேர்ந்து தளர்ந்துகொண்டிருந்தன. சொல் ஞாபகம் மட்டும் தனியே ஒதுங்கி நின்றது. அதிலிருந்து ஒரேயொரு கோடு, லயத்துக்கு.

"பாருங்கோ அக்கா" என்றார். "ஞாபகம் வயசோட கதைக்கேல்லை, ஒண்டோடயும் கதைக்கேல்லை. லயத்தோட மட்டும் கதைக்குது. அதிலயும் அந்தக் கடைசி லயம் எல்லாத்தையும்விட நல்லா நிக்குது."

அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். மனிதர்கள் நெருங்கி வாழ்ந்தால் ஞாபகம் காக்கப்படுகிறது என்பதற்கு இது சான்றாக இருக்கலாம் என்றார். கட்டுரையின் தலைப்பைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

நான் அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடையை மடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்தை நான் எங்கே எழுதினேன் என்பதும் நினைவுக்கு வந்தது. அலமாரியில் எனது பழைய நாட்குறிப்புகள் வருட வரிசையில் இருந்தன. வீட்டில் ஈரம் என்பதால் இங்கே வைத்திருந்தேன். 2003ஐ எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து, லயத்துக்கும் சொல் ஞாபகத்துக்கும் நடுவே ஒரு வட்டத்தைப் புள்ளி புள்ளியாகக் கீறினார். உள்ளே எதுவும் எழுதவில்லை.

"இது நாங்கள் கேக்காத கேள்வி. சொல்லுகளை முன்னமே படிப்பிச்சது ஆர்?" என்றார்.

அந்த மகளுக்கு நான் சொன்ன பதிலை அவரிடம் அப்போதுதான் சொன்னேன். அவர் வரைபடத்தைச் சுருட்டிப் பையில் வைத்தார். இரண்டே முக்கால் பஸ்ஸுக்கு இருவரும் ஓடினோம்.

லயத்தை அடைந்தபோது நான்கு இருபது. மலையிலிருந்து பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியடியில் பக்கத்துக் காம்பராப் பெண் குடத்தை வைத்துவிட்டு நின்றார். தை மாதம் அல்லாத மாதத்தில் என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. அந்த ஐந்து சொற்களை எப்போது, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"பொங்கலுக்கு ரெண்டாவது ஞாயித்துக்கெழமைன்னா நீங்க வருவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? சனிக்கெழமை சாயங்காலமே இந்தப் பீலியடியில பாடத்த எடுத்துருவேன். கொடை, வாழப்பழம், மணி, கயிறு, நாக்காலி. ஒருத்திக்கும் தப்பாது."

ஏன் என்று கேட்டேன். முதல் வருடம் நான் போன பிறகு ஒரு பேச்சுப் பரவியதாம். இந்தத் தாள் தோட்ட ஆபீசுக்குப் போகும், புத்தி மங்கிவிட்டது என்று அதில் விழுந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டுக் காம்பராவை எடுத்துக்கொள்வார்கள் என்று. தாள் ஆபீசுக்குப் போகாது என்று நான் ஒவ்வொரு வருடமும் சொல்லியிருந்தேன். வெளியிலிருந்து தாளோடு வந்த யார்தான் அப்படிச் சொல்லவில்லை? அவர்கள் ஏன் நம்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. மற்ற லயங்களில் ஆளுக்கு ஆள் படித்திருக்கிறார்கள். இங்கே இவர் வகுப்பே நடத்தியிருக்கிறார். என் வகுப்பில்கூட எல்லாரும் தேறியதில்லை.

அப்படியானால் கோடிக் காம்பரா அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே, மகளிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரலில் குற்றச்சாட்டு இருந்தது. அவர் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார்.

"சொன்னேன் டீச்சர். வேணாம்டி, ஒங்கம்மா ஒரு மாதிரியா இருக்கான்னு சொன்னேன். 'டீச்சரே தாளப் பாத்துச் சொல்லிட்டாங்க, ஒனக்கு என்னா தெரியும்'னு கேட்டா. நான் என்னாத்த சொல்ல?"

பிறகு சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்: "அவ அம்மாவுக்கு அந்த அஞ்சு மட்டுந்தான் மிச்சம். சோறு தின்னமான்னு தெரியாது. நாங்கதான் மாத்தி மாத்திக் குடுக்கிறோம். அடுப்ப மூட்ட விடுறதில்ல. நெருப்புப் பெட்டி என்கிட்டதான் இருக்கு."

எங்கள் தாளில் "அன்றாட வேலை" என்ற கட்டத்தில் "சமையல்: தானே செய்கிறார்" என்று ஜனவரியில் நான் எழுதியிருந்தேன். கேட்டேன், ஆம் என்றார், எழுதினேன்.

கோடிக் காம்பரா திறந்திருந்தது. தாய் வாசற்படியில் உட்கார்ந்து, மலையிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெண் திரும்பும்போதும் சற்று எழும்பி, பிறகு உட்கார்ந்தார். மகளைத் தேடுகிறார் என்று விளங்க ஒருவரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினார். குடை, வாழைப்பழம், மணி. இன்றைக்குக் கேள்வி இல்லை அம்மா, இருங்கோ என்றேன். அவர் நிறுத்தவில்லை. கயிறு, நாற்காலி என்று முடித்துவிட்டு, சரியா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"சரி அம்மா" என்றேன்.

மகளுடைய குவைத் முகவரியைப் பக்கத்துக் காம்பராப் பெண் ஒரு பழைய கடித உறையிலிருந்து காட்டினார். கொப்பியில் எழுதிக்கொண்டேன். தொலைபேசி இலக்கம் யாரிடமும் இல்லை. ஏழு மணிக்கு முன்பே நான் வீடு திரும்பிவிட்டேன்.

பிறகு நடந்தவற்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மகள் ஆகஸ்ட் மாதத்தில் வந்து சேர்ந்தாள். அவள் பையோடு வாசலில் நின்றபோது தாய் எழுந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, அந்த ஐந்து சொற்களையும் அவளிடம் சொன்னாராம். எனக்கு இதைச் சொன்னவள் மகள்தான், கோபமில்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருக்கலாம். "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள். மறு வருடம் தாய் இறந்துபோனார். அம்மா தன்னை அறிந்திருந்த கடைசி மாதங்களில் தான் பக்கத்தில் இல்லை என்பதை அவள் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. திகதிகளை வைத்து நானே கணக்கிட்டுக்கொண்டேன்.

விரிவுரையாளரின் கட்டுரை வேறு தலைப்பில் வெளியானது. சொல் ஞாபகத்தின் வட்டத்தை அவர் நீக்கிவிட்டார். பழக்கத்தால் வந்த மேம்பாடு காரணமாக அது விலக்கப்பட்டது என்று அடிக்குறிப்பில் ஒரு வரி. பிழையான வரி அல்ல. அது யாருடைய பழக்கம் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பெண்களின் பழக்கத்தைவிட என் பழக்கம்தான் நினைவுக்கு வருகிறது: அதே நாள், அதே நேரம், அதே சொற்கள், அதே இடைவெளி. நான் ஒரு வருடம் ஒரு கிழமை பிந்திப் போயிருந்தாலோ, மற்றப் பட்டியலை ஒருமுறை எடுத்திருந்தாலோ தெரிந்திருக்கும்.

மார்ச் 16 அன்று இரவு பதிவு ஒன்பதரைக்கு முடிகிறது. விளக்கை அணைத்துப் படுத்தேன்.

மறுநாள் காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பின்கதவைத் திறக்கவில்லை, வெப்பமானியைப் பார்க்கவில்லை. மேசையில் உட்கார்ந்து ஒரு விமானக் கடிதத்தாளை விரித்து, நலம் விசாரிப்பதற்கு முன்பே எழுதினேன்: "போன வருடம் தை மாதத்தில் உங்கள் வாசலில் நின்று நான் சொன்ன பதில் பிழை. உங்கள் அயலவர் சொன்னதுதான் சரி. வரமுடியுமானால் உடனே வாருங்கள்."